கலைப்பு வேட்டைக்கு எளியவர் எதை உடுப்பது?

வேட்டைக்குப் போகிறவர் எதை உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தையற்கடையோடு முடிந்துபோகும் சிறு விஷயமாகத் தோன்றக்கூடும். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தமிழ்க் காப்பியம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்கொத்லாந்து நெசவுச்சாலை வரையில், வேடரின் மரவுரி முதல் விலங்குகளின் கண்ணை ஆராயும் இன்றைய விஞ்ஞானம் வரையில், அவ்வினாவுக்கு மனிதர் அளித்துவந்த விடைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று எளிதில் இணங்காதவை என்பதும், ஒவ்வொரு விடையின் பின்னாலும் யார் நிற்கிறார், யார் நடக்கிறார், யார் பணம் கொடுக்கிறார் என்ற கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதும் புலனாகும்.

கலைப்பு வேட்டை என்று இங்கே குறிப்பது, துப்பாக்கி ஏந்தியவர்கள் ஓரிடத்தில் வரிசையாகக் காத்து நிற்க, வேறு சிலர் தடிகளோடும் நாய்களோடும் கூச்சலிட்டுப் புதர்களைத் தட்டிக்கொண்டு வந்து, பறவையையோ விலங்கையோ அவர்களை நோக்கி ஓட்டும் முறையை. ஆகவே இதில் உடை தேவைப்படுவோர் இரு சாரார்: நிற்போர் ஒரு சாரார், நடப்போர் மற்றொரு சாரார். இவ்விஷயத்தைப் பற்றி எழுதியவர்களில் மிகப் பலர் முதற்சாராரை மட்டுமே மனத்திற் கொண்டு எழுதினார்கள். அந்தக் குறையைக் கருத்திற் கொண்டே இந்த ஆராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது.

இதனை இலங்கையின் தெரணியகலையிலிருந்து நோக்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு. சீதாவாக்கை ஆற்றின் பள்ளத்தாக்கிலே, கீழே இறப்பரும் மேலே தேயிலையும், அதற்கும் மேலே சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த பெருங்காடுமாக அடுக்கடுக்காக அமைந்துள்ள இப்பிரதேசம், ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. அட்டையும் முள்ளும் ஈரமும் நிறைந்தது. சபரகமுவ என்னும் பெயரையே சபரர், அதாவது வேட்டுவர், வாழ்ந்த ஊர் என்று விளக்குவோர் உண்டு. வேட்டையுடையைப் பற்றிய எந்தக் கொள்கையையும் சோதித்துப் பார்க்க இதனினும் கடுமையான களம் கிடைப்பது அரிது.

விளையாட்டாக வேட்டையாடும் வழக்கம் நம் பக்கங்களில் பெரும்பாலும் சரித்திரமாகிவிட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதனைப் படிப்படியாகச் சுருக்கின. ஆயினும் பிரித்தானியாவில் பெசன்ட், கௌதாரி முதலிய பறவைகளைக் கலைத்துச் சுடும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. அந்நாட்டிற் குடியேறிய நம்மவர் ஒருவருக்கும் அத்தகைய அழைப்பு வரலாம். வந்தால், கையிற் காசு குறைந்த அவர் எதை உடுப்பது என்ற வினாவும் வரும்.

சேக்கிழார் காட்டும் கோலம்

தமிழில் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விரிவான பழைய விடை பெரியபுராணத்தில் உள்ளது. திண்ணனார் என்னும் கண்ணப்பர் முதன்முறையாக வேட்டைக்குப் புறப்படும் இடத்தில், அவருக்குச் செய்யப்பட்ட ஒப்பனையைச் சேக்கிழார் தலைமயிர் முதல் காற்செருப்பு வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: மயிற்பீலி, குன்றிமணி, கவடி மாலை, பன்றிக்கொம்பு, தோலாடை, கழல், தோற்செருப்பு. அந்த வேட்டையும் கலைப்பு வேட்டையே. காட்டைச் சுற்றி நெடுந்தூரம் வலைகளை வளைத்துக் கட்டி, பறையும் துடியும் முழக்கி, விலங்குகளை எழுப்பி ஓட்டுகிறார்கள்; குட்டிகளையும் கருவுற்றவற்றையும் வேடர்கள் தொடாமல் விடுகிறார்கள் என்ற அறமும் அங்கேயே கூறப்படுகிறது.

இவ்வுடையில் கவனிக்கத்தக்கது, அதில் விலைகொடுத்து வாங்கியது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது. கடலிலிருந்து வந்த கவடியும் காலிற் கட்டிய கழலும் தவிர, மற்றவை யாவும் காட்டிலே கிடைத்தவை. முந்திய வேட்டைகளே அடுத்த வேட்டைக்கு உடை தந்தன. சிக்கனம் என்பது அங்கே ஒரு முயற்சியாகவே தோன்றவில்லை. அதேபோல மறைந்துகொள்ளும் நோக்கமும் அதிற் காணப்படவில்லை. செங்குன்றிமணியும் வெண்கவடியும் கண்ணைப் பறிப்பவை. எனவே தமிழ் மரபின் இந்த விரிவான சாட்சி, வேட்டையுடையை ஒளிவதற்குரிய கருவியாக அல்லாமல், வீரத்துக்கும் சடங்குக்கும் உரிய கோலமாகவே கருதுகிறது எனலாம்.

இவ்விடையின் பலவீனமும் வெளிப்படையானது. சேக்கிழார் சோழ அரசில் உயர்பதவி வகித்த புலவர். அவர் வருணிப்பது வேடர் தலைவனின் மகனுக்குரிய முதல் வேட்டையின் மங்கலக் கோலம். அன்றாடம் வலை சுமந்து முட்புதரில் நுழைந்த வேடன் அவ்வாறே உடுத்தினான் என்று அதைக்கொண்டு முடிவு கட்டலாகாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட இலங்கை வேடரைப் பற்றிய நூல். ரிட்டி மரத்தின் பட்டையைத் தட்டிப் பதமாக்கிய மரவுரியை வேடர் முன்னாளில் உடுத்தினர் என்பது அதில் பேசப்படுகிறது. உடம்பிற் குறைந்த துணி, கையில் வில், பாதத்தில் ஒன்றுமில்லை: இதுவே நடந்து வேட்டையாடியவனின் கோலமாக இருந்திருக்கக்கூடும்.

ட்வீட் துணியும் கண்ணியமும்

இரண்டாவது விடை பிரித்தானியாவிலிருந்து வந்தது. அதன்படி வேட்டையுடை என்பது முதன்மையாக ஔசித்யம் பற்றியது: அழைத்தவருக்கும், ஆண்டு முழுவதும் பறவைகளைப் பேணி வளர்த்த காவலருக்கும் காட்டும் மரியாதை. முழங்காலுக்குக் கீழே கட்டப்படும் கம்பளிக் காற்சட்டை, அதே துணியில் மேற்சட்டை, கழுத்தில் டை, தலையில் தொப்பி என்பது அந்தச் சம்பிரதாயம்.

இச்சம்பிரதாயத்தின் பிறப்பை ஆராய்ந்தால், தோட்டங்களில் வாழும் நமக்குப் பழக்கமான ஒரு சொல் அதிற் குறுக்கிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் மலைப்பகுதிகளில் பெருநிலங்களை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும், தங்கள் நிலத்துக்கென்று தனித்தனியே நிறமும் கட்டமும் வகுத்து நெய்வித்த துணிக்கு ‘எஸ்டேட் ட்வீட்’ என்று பெயர். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் பல்மோரல் மாளிகைக்கென்று சாம்பல் நிறத் துணியொன்றை வகுத்தார். அம்மலையின் கருங்கற்பாறையின் நிறம் அது. கிளென்ஃபெஷி, லோவட் முதலிய நிலங்களின் துணிகளும் அவ்வாறே புதர், பாறை, காய்ந்த புல் ஆகியவற்றின் நிறங்களைத் தழுவியவை. இத்துணிகளைப் பெரும்பாலும் அணிந்தவர்கள் நிலத்தின் வேலையாட்கள்: காவலர்களும் வழிகாட்டிகளும். இன்று கனவான்களின் உடையென்று கருதப்படுவது, ஒரு பங்கில், எஜமானர் தம் வேலையாளுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையிலிருந்து வளர்ந்தது. மலிவான உடையில் வருவதற்கு வெட்கப்படும் விருந்தினர் இந்தச் சரித்திரத்தை அறிந்திருப்பது நல்லது.

ஔசித்யக் கொள்கையின் பலம், அது பிறரை நினைத்து உடுக்கச் சொல்வது. அதன் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, மரியாதை எளிதில் அந்தஸ்தாகத் திரிந்து, துணியின் விலையையே மரியாதையின் அளவாக்கிவிடுகிறது. மற்றொன்று, அது பிறந்த சீதோஷ்ணத்தை விட்டுப் பெயர்ந்தால் பொருந்தாமற்போகிறது. நீலகிரியில் உதகமண்டலத்து வெள்ளையர்கள், ஆங்கிலேய நரிவேட்டையின் செந்நிறக் கோட்டை அப்படியே அணிந்து, நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைக் குதிரைமீதேறித் துரத்தினார்கள். குளிர்ந்த மலையில் அது இயன்றது. சீதாவாக்கை ஆறு கலக்கும் களனிப் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் அதை முயல்வது வீண். இங்கே அதன் இடத்தைப் பிடித்தது காக்கி. 1840களின் பிற்பாதியில் பெஷாவரில் பிரித்தானியப் படையதிகாரி லம்ஸ்டன் தம் படைக்கு மண்ணிறம் ஏற்றிய துணியை அணிவித்ததிலிருந்து பரவிய அத்துணி, புழுதி என்று பொருள்படும் சொல்லிலிருந்தே பெயர் பெற்றது. மலிவு, உழைப்பு, அழுக்குத் தெரியாமை என்ற மூன்று குணங்களும் அதற்குண்டு. துரையும் அணிந்தார், காவலாளியும் அணிந்தார். சமத்துவத்தை நோக்கி வேட்டையுடை எடுத்துவைத்த மெய்யான அடி அதுவே என்பது என் கருத்து.

அட்டை, வெயில், மழை

மூன்றாவது விடை, உடை என்பது காப்பு என்பது. இலங்கையின் ஈரக்காட்டில் இதற்கு முதல் ஆதாரம் அட்டை. எமர்சன் டெனன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவைப் பற்றி எழுதியபோது, கோப்பித் தோட்டத்துரைமார் நெருக்கமாக நெய்த துணியால் தைத்த அட்டைக் காலுறைகளை அணிந்ததையும், சுதேசிகள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பூசிக்கொண்டதையும் குறிப்பிடுகிறார். ஒரே இடர், காசுள்ளவர் துணியால் காத்தார், இல்லாதவர் பூச்சால் காத்தார். காலுறையை மீண்டும் மீண்டும் துவைத்து அணியலாம். பூச்சோ, முதல் ஓடையைக் கடக்கும்போதே கழுவிப்போவது. ஆகவே எளியவருடைய முறை மலிவானது என்பது ஒரு நாட்கணக்கில் மட்டுமே உண்மை. நெருங்க நெய்த பழைய பருத்தித் துணியை முழங்கால்வரை பைபோல் தைத்து, காலணிக்குள் செருகி, மேலே நாடா கட்டிக்கொள்ள எவராலும் இயலும். வேட்டையுடையில் இதனினும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது வேறில்லை.

காப்புக் கொள்கை வழிதவறிய இடமும் உண்டு. வெப்ப நாட்டுச் சூரியகிரணம் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவி வெள்ளையரை வீழ்த்தும் என்ற நம்பிக்கையால், நெட்டியில் செய்த சோலாத் தொப்பியும், முதுகில் தைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டும் நெடுங்காலம் அத்தியாவசியம் எனப்பட்டன. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இராணுவமே அத்தொப்பியைக் கைவிட்டது, போர்வீரர் சாதாரணத் தொப்பியோடு வெயிலில் நின்றார்கள், ஒன்றும் நேரவில்லை. குமாவுன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி நடந்த ஜிம் கோர்பெட், அரைக்காற்சட்டையும் மெல்லிய இறப்பர் அடிவைத்த காலணியுமாகவே திரிந்தார். ‘அவசியம்’ என்று ஒரு தலைமுறை செலவழித்த பலவற்றை அடுத்த தலைமுறை எறிந்துவிட்டது என்ற இந்த அனுபவம், புதிது புதிதாக விற்கப்படும் வேட்டைக் கருவிகளைப் பார்க்கும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

மழைக்காப்பின் கதை நம் பள்ளத்தாக்கோடு நேரே பின்னிக் கிடக்கிறது. 1823இல் மக்கின்டொஷ் இறப்பர் பூசிய துணிக்கு உரிமம் பெற்றார்; 1844இல் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் உரிமம் பெற்றார்; 1853இல் ஹட்சின்சன் பிரான்சிலும், 1856இல் வட பிரித்தானிய இறப்பர்க் கம்பெனி எடின்பரோவிலும் இறப்பர்க் காலணித் தொழிலைத் தொடங்கினார்கள். அப்போது இறப்பர் பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்து வந்தது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து 1,919 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதன் பின்னரே களனிப் பள்ளத்தாக்கு இறப்பர் நாடாயிற்று. ஸ்கொத்லாந்தின் சதுப்பில் வேட்டைக்காரர் ஈரம் படாமல் நிற்பதற்குரிய பொருளை, இங்கே விடியற்காலையில் பால் வெட்டும் தொழிலாளர்கள் வெறுங்காலோடு நடந்து சேகரித்தார்கள். காப்புக் கொள்கையைப் பேசிய எவரும் இந்த முரணைத் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை.

மறைவதா, தென்படுவதா?

நான்காவது விவாதம் நிறம் பற்றியது. வேட்டைக்காரர் சூழலோடு கலந்து மறைய வேண்டும் என்பது பரவலான அபிப்பிராயம். 1990களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மான்களின் கண்ணைச் சோதித்து, அவற்றுக்கு இருவகை நிற உணர்விகளே உண்டு என்பதையும், நீலத்தை நன்கு உணரும் அவை சிவப்பையும் செம்மஞ்சளையும் தனியே பிரித்தறிய இயலாதவை என்பதையும் காட்டினார்கள். பன்றிக்கும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஆகவே காட்டுப்பன்றியையோ மரையையோ பொறுத்தவரையில், கண்ணைக் கூசவைக்கும் செம்மஞ்சள் அங்கி மனிதருக்குத் தெரியும், விலங்குக்கு மங்கலாகும்; மாறாக, பளிச்சென்ற வெண்மைக்காகச் சலவைத்தூளில் சேர்க்கப்படும் ஒளியூட்டிகள், கண்ணுக்குப் புலப்படாத கதிரை வாங்கி நீலமாக உமிழ்வதால், ‘சுத்தமாக வெளுத்த’ துணியே காட்டிக்கொடுக்கக்கூடும். சாதாரணச் சவர்க்காரத்தால் துவைத்த பழந்துணி இங்கே புதுத்துணியை வெல்கிறது.

பறவைகளின் விஷயம் வேறு. அவற்றுக்கு நான்கு வகை நிற உணர்விகள் உண்டு. நம்மினும் நன்றாகவே நிறம் காண்கின்றன. ஆனால் கலைப்பு வேட்டையில் பறவை கலைக்கப்பட்டு, நிற்பவரை நோக்கிப் பறந்து வருகிறது. அசையாமல் நிற்பவரைக் காட்டிலும் அசைபவரையே அது விலகிச் செல்கிறது. 1938 நவம்பர் 12இல் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பங்குகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன என்று அங்கே கல்லிற் பொறித்துவைத்திருக்கிறார்கள். அந்த வருந்தத்தக்க தொகை கிடைத்தது, சுடுபவர்கள் தட்டிமறைப்புகளுக்குள் இருந்தமையாலும் கலைத்தவர்களின் உழைப்பாலுமே.

நிறத்தைப் பற்றிய இந்த விவாதத்தில் நடப்பவரின் நிலையைச் சேர்த்தவுடன் துலாக்கோல் சாய்ந்துவிடுகிறது. நிற்பவருக்கு மறைவு ஒரு வசதி; புதருக்குள்ளிருந்து துப்பாக்கி வரிசையை நோக்கி வருபவருக்குத் தென்படுதல் உயிர். மண்ணிறத் துணி அணிந்து இலைகளுக்கிடையே அசையும் மனிதரை, பதற்றத்தோடு துப்பாக்கி விசையில் விரல் வைத்திருப்பவர் பன்றியென்று எண்ணிவிட அரைக்கணம் போதும். ஒரு சிவப்புத் தலைப்பாகை, ஒரு மஞ்சள் துண்டு, அதற்குரிய விலை சொற்பம்.

கம்பளியும் சாக்கும்

ஐந்தாவது விடையை யாரும் நூலாக எழுதவில்லை. அதை உடம்பிலே அணிந்து காட்டியவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். துரைமார் வேட்டைக்குப் புறப்படும்போது காடு கலைக்கத் தோட்டத்து ஆட்களையும் அயற்கிராமத்தாரையும் அழைத்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. அவர்கள் மலையில் வேலைக்கு உடுப்பதையே உடுத்து வந்தார்கள்: தலையில் கொங்காணியாக மடித்த கம்பளி அல்லது சாக்கு, இடுப்பில் படங்கு, தோளில் துண்டு.

இவ்வுடையை வறுமையின் அடையாளம் என்று மட்டும் தள்ளுவது நியாயமன்று. ஆட்டுரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடம்புச் சூட்டைக் காப்பது. நனைந்த பருத்தியோ சூட்டை விரைவில் இழப்பது. ரோமத்தில் எஞ்சியிருக்கும் கொழுப்பு மழைத்துளியை வழுக்கிவிடும். ஆங்கிலேயர் ட்வீட்டைப் போற்றியதற்குரிய காரணங்கள் அத்தனையும் கறுப்புக் கம்பளிக்கும் பொருந்துகின்றன. கம்பளி நடக்கும்போது சரசரப்பதில்லை; நைலான் சட்டை ஒவ்வொரு அடிக்கும் சத்தமிடும். ஆனால் அக்கம்பளி இலவசமாக வந்ததுமன்று. பற்றுவரவுப் புத்தகத்தில் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்ட பொருள்களில் அரிசியோடு அதுவும் ஒன்று. ஸ்கொத்லாந்துக் காவலனுக்கு உடை எஜமானர் செலவு. இங்கே காடு கலைத்தவனின் உடை அவன் சொந்தக் கடன். இரண்டும் ‘எஸ்டேட்’டுகளே.

இந்த விடையின் பலவீனம் காலில் இருக்கிறது. தலையும் முதுகும் மூடப்பட்டன. பாதம் திறந்தே கிடந்தது. அட்டை, முள், பாம்பு, வழுக்கும் பாறை ஆகிய நான்கும் பாதத்தையே முதலில் தேடுவன. மேலும் கம்பளி மண்ணிறத்தையொத்த கருமை உடையது. முன்பு கூறிய அபாயத்தை அது கூட்டுகிறது.

சிக்கனத்தை நாடும் இன்றைய விருந்தினருக்கு இம்மரபிலிருந்து கற்கக்கூடியவை பல. நடைபாதைக் கடைகளில் குவிந்து கிடக்கும் பழைய குளிராடைகளில் ரோமத் துணியாலான மேற்சட்டை ஒன்றைத் தேர்ந்து, அதன் நிறம் வெளிறியிருந்தால் தேயிலைத்தூள் வடித்த கடுஞ்சாயத்தில் இட்டு, துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த நீரில் நனைத்தெடுத்தால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடிச் சாம்பலிலிருந்து கருமைக்குச் செல்லும் அடங்கிய நிறம் பற்றும். மாதுளந்தோலும் இரும்பும் சேர்ந்தால் பாசிநிறம் வரும். டை கட்டுவது அங்குள்ள வழக்கமானால் ஒரு பழைய டை போதும். மீதமுள்ள பணம் முழுவதும் காலணிக்கே செல்ல வேண்டும்.

எஞ்சி நிற்பவை

இவ்வைந்து விடைகளையும் ஒப்புநோக்கினால், அவற்றுள் எதுவும் முழுவதும் பிழையன்று. கோலம் என்ற விடை மனிதரின் மகிழ்ச்சியை அறிந்தது. ஔசித்யம் பிறரை மதிக்கச் சொல்வது. காப்பு உடம்பை அறிந்தது. நிறவிவாதம் விலங்கின் கண்ணை அறிந்தது. கம்பளி மழையை அறிந்தது. மறைவுக்கும் தென்படுதலுக்கும் இடையிலான பிணக்கு, மான், பன்றி ஆகியவற்றின் மட்டில் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். பறவைகளின் மட்டில் இன்னும் தீரவில்லை. சம்பிரதாய உடையை வாங்க இயலாதவரைச் சபை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுவது. அதற்குப் பொதுவிதி வகுப்பது கடினம். வேட்டையே ஓய்ந்துவரும் காலத்தில், அதற்கென வளர்ந்த இந்த அறிவு, வனக்காவலருக்கும் பன்றிகளை விரட்டக் காவலிருக்கும் பயிர்செய்வோருக்கும் கொழுந்து பறிப்போருக்கும் எவ்வாறு கைமாற்றப்படும் என்பதும் இன்னும் ஆராயப்படாத கேள்வி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. நிற்பவரின் உடையைப் பற்றிய நூல்கள் ஏராளம் உண்டு; நடப்பவரின் உடையை எவரும் நூலாக எழுதவில்லை. ஆகவே காடு கலைக்க ஆட்களை அழைப்பவர் எந்த நாட்டில் எந்தப் பெயரில் அழைத்தாலும், தம் தோழர்கள் டை கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு முன்னால், அழைத்து வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி இறப்பர்க் காலணியும் ஒரு செம்மஞ்சள் துண்டும் தம் செலவிற் கொடுத்துவிட வேண்டும்.